கியர் நறநறங்குதா? ஆயில் டப்பாவைத் திருப்பிப் பாருங்க! (வண்டி கேள்வி பதில்)

சென்ற இதழில் என்ஜின் ஆயில் பற்றிச் சொன்ன பதிலின் கடைசியில் "அப்படியே கியர் ஆயிலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டேன், அவ்வளவுதான், காரைக்குடியைச் சுற்றி இருக்கிற ஊர்களிலிருந்தே ஒரு கட்டுக் கடிதம் வந்து விழுந்துவிட்டது. அதில் பாதிப் பேர் கேட்டிருப்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வி. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, என்னுடையது முன்சக்கரம் இழுக்கிற சின்ன கார், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் கியர் ஆயில் மாற்றினேன். "இது 5ஆம் நம்பர், 4ஐ விட ஒசத்தி" என்று சொல்லி ஜிஎல்-5 ஊற்றினார்கள், விலையும் கூடத்தான். அதற்கு அப்புறம் 2லிருந்து 3 போடும்போது நறநற என்கிறது. காலையில் பரவாயில்லை, தேவகோட்டை போய்த் திரும்பும்போது மோசம். புது ஆயில் ஒத்துக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆகுமா?
(வாசகர், செக்காலை, காரைக்குடி)

ஒத்துக்கொள்ளாது தம்பி, எத்தனை நாள் ஓட்டினாலும். அந்த 4, 5 என்பது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி ஒன்றை விட ஒன்று மேல் என்கிற கணக்கே இல்லை. எந்த வேலைக்கு எந்த ஆயில் என்று அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் (டப்பாவில் ஏபிஐ என்று போட்டிருக்குமே, அதுதான்) பிரித்து வைத்த வகைகள் அவை. ஜிஎல்-5 பின் ஆக்ஸிலில் இருக்கிற கிரவுன் பினியனுக்காக (என்ஜின் சுழற்சியைப் பின்சக்கரங்கள் பக்கம் திருப்பிவிடுகிற பல்சக்கர ஜோடி) செய்தது. உங்கள் கியர் பாக்ஸுக்கு வேண்டியது ஜிஎல்-4.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கியர் பாக்ஸுக்குள் சின்க்ரோ ரிங் என்று ஒன்று இருக்கிறது, பல வண்டிகளில் அது பித்தளை. ஓடுகிற டவுன் பஸ்ஸில் ஏறத் தெரிந்தவன் என்ன செய்வான்? பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி, இரண்டு வேகமும் ஒன்றானதும் படியில் கால் வைப்பான். சின்க்ரோ ரிங்கும் அதையேதான் செய்கிறது. நீங்கள் 3ஆம் கியருக்குத் தள்ளும்போது அந்த ரிங் கியரின் கோன் மேல் போய் உரசி, இரண்டின் சுற்றையும் ஒன்றாக்கி, அப்புறம்தான் பல்லைப் பல்லில் விடுகிறது. உரசலே அதன் பிழைப்பு. ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து ஜிஎல்-4ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும், அது இரும்புப் பல்லின் மேல் படிந்து வழவழவென்று ஒரு படலம் போடும். கிரவுனுக்கு அது அமிர்தம். சின்க்ரோவுக்கோ, பஸ்ஸோடு ஓடுகிறவனின் செருப்பில் விளக்கெண்ணெய் தடவிய கதை. பிடிமானம் கிடைக்காமல் பல்லோடு பல் மோதுகிறது, அதுதான் உங்கள் காதில் விழுகிற நறநற.

இரண்டாவது சங்கதி அந்தக் கந்தகமே. முட்டை சாப்பிட்ட வெள்ளிக் கரண்டி கறுத்துப் போவதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளியைக் கறுக்கிற கந்தகம், செம்பு கலந்த பித்தளையையும், அதுவும் ஆயில் கொதிக்கக் கொதிக்க ஓடும்போது, சும்மா விடாது. ஆயிலைச் சோதிக்கும்போது பளபளவென்று தேய்த்த செம்புத் தகடு ஒன்றைச் சூடான ஆயிலில் மணிக்கணக்கில் போட்டு வைத்து, எவ்வளவு கறுத்தது என்று பார்ப்பதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. நியாயமாகச் சொன்னால், இப்போது வருகிற ஜிஎல்-5 பலவற்றில் செம்பை அரிக்காமல் இருக்கத் தனி மருந்தும் சேர்க்கிறார்கள். ஆனால் வழுக்குகிற குணம் அதனால் போய்விடாது.

என் மேஜையில் பேப்பர் பறக்காமல் இருக்க ஒரு பித்தளை வளையம் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லாம் வளையலா என்று கேட்பார்கள். நான் வேலை பழகிய ஒர்க்‌ஷாப்பில் ஒரே பேரல், ஒரே கைப்பம்பு. கிரவுனுக்கும் அதே, கியர் பாக்ஸுக்கும் அதே. என் கையாலேயே ஊற்றி அனுப்பிய ஒரு கார் ஒரு வருடம் கழித்து 3ஆம் கியர் விழாமல் திரும்பி வந்தது, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த ரிங் அது. புது ரிங்கின் உள்பக்கம் நகத்தால் கீறினால், ஆயிலை அறுத்து ஒதுக்குவதற்காகப் போட்டிருக்கிற மெல்லிய மரை மாதிரியான வரிகள் நகத்தைக் கடிக்கும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். ஆயில் மட்டுமே காரணம் என்று சத்தியம் பண்ண மாட்டேன், அது அதற்கு முன்பே நிறைய ஓடின வண்டி. ஆனால் அன்றிலிருந்து டப்பாவைத் திருப்பிப் படிக்காமல் நான் மூடியைத் திறந்ததில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது: இந்த வாரமே ஜிஎல்-5ஐ முழுக்க இறக்கிவிட்டு, டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறையோடு தூங்குகிற மேனுவலை எடுத்து, அதில் போட்டிருக்கிற கிரேடில் ஜிஎல்-4 ஊற்றுங்கள். பழைய ஆயில் உள்ளே எப்படியும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றினால் நல்லது. சின்ன காருக்கு இரண்டு லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும், கையைக் கடிக்காது. ஒரு மாத ஓட்டத்தில் ரிங் தேய்ந்துவிடாது, பெரும்பாலும் சத்தம் போய்விடும். பயப்படாதீர்கள்.

வணக்கம் அண்ணே. வெளிநாட்டு விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று டூர் அடிக்கிற பின்சக்கர ஓட்டம் உள்ள பெரிய வண்டி என்னுடையது. பெட்டிக்கு ஒன்று, கிரவுனுக்கு ஒன்று என்று இரண்டு ஆயில் வாங்கச் சொல்கிறார்கள். ஒரே ஆயிலாக ஊற்றினால் என்ன?
(டிரைவர், கானாடுகாத்தான்)

மேலே சொன்னதைப் படித்திருப்பீர்கள், இப்போது அதையே தலைகீழாகப் பாருங்கள். உங்கள் வண்டியில் கியர் பாக்ஸ் தனி, பின்னால் கிரவுன் தனி. கிரவுன் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கிறது பினியன், ஹைப்பாய்ட் என்பது இதைத்தான். அதனால் பல் பல்லின் மேல் உருண்டு மட்டும் போவதில்லை, வழித்துக்கொண்டும் போகிறது, அம்மியில் குழவி இழுக்கிற மாதிரி. சாதாரண ஆயில் படலத்தை அது வழித்து எறிந்துவிடும், அந்த இடத்தில் கந்தகப் படலம் இருந்தால்தான் இரும்பு இரும்பைத் தின்னாமல் இருக்கும். அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் கொஞ்ச நாளில் 'ஊ' என்று ஊளைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும், அப்புறம் கிரவுன் பினியன் செட்டாக மாற்றுகிற செலவு. ஆக, இரண்டு டப்பா வாங்கத்தான் வேண்டும். கிரவுனுக்கு ஜிஎல்-5, அதில் கனம் 80டபிள்யூ-90 ஆ 85டபிள்யூ-140 ஆ என்பது உங்கள் மேனுவலைப் பொறுத்தது. பெட்டிக்கு அதில் சொன்னது.

செக்காலை தம்பியின் வண்டி மாதிரி முன்சக்கர வண்டிகளில் கியரும் டிஃபரன்ஷியலும் (இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பகுதி) ஒரே கூட்டுக்குள் இருக்குமே, அங்கே மட்டும் எப்படி ஒரே ஆயில் என்று கேட்பீர்கள். என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிற வண்டிகளில் அந்த டிஃபரன்ஷியலுக்கு ஹைப்பாய்ட் பல் கிடையாது, சாய்வு வெட்டுப் பல்தான், அதற்கு ஜிஎல்-4 தாராளம்.

எங்கள் அரிசி ஆலை லோடு வேனுக்கு 75டபிள்யூ-90 போடச் சொல்லி எழுதியிருக்கிறது. பங்குனி, சித்திரையில் இங்கே அடிக்கிற வெயிலுக்கு அது தண்ணியாகப் போய்விடாதா? 140 ஆயில் ஊற்றினால் கனமாக நிற்குமே? என்ஜினுக்கே 40தான் ஊற்றுகிறோம், பெட்டிக்கு 90 என்றால் அதுவே கூடுதலோ என்றும் ஒரு சந்தேகம்.
(வாசகர், புதுவயல்)

ஒரே கடிதத்தில் 90 குறைச்சல் என்றும் 90 கூடுதல் என்றும் இரண்டு பயமா! இரண்டாவதை முதலில் தீர்க்கலாம். என்ஜின் ஆயில் நம்பரும் கியர் ஆயில் நம்பரும் ஒரே அளவுகோல் இல்லை. ஒரே சேலையை முழத்தில் அளந்தால் ஒரு எண், கெஜத்தில் அளந்தால் ஒரு எண், சேலை நீளம் மாறிவிடுமா? 100 டிகிரி சூட்டில் வைத்துப் பார்த்தால் கியர் ஆயில் 90இன் கனமும் என்ஜின் ஆயில் 40, 50இன் கனமும் ஏறத்தாழ ஒன்றுதான். குழப்பம் வரக்கூடாது என்றுதான் இரண்டுக்கும் தனித்தனி எண்களை வைத்தார்கள், அதுவே குழப்பமாகிவிட்டது.

இனி வெயில். 75டபிள்யூ-90 என்பதில் முன்னால் இருக்கிற 75டபிள்யூ குளிருக்கு, பனி பெய்கிற நாட்டில் மைனஸ் 40 டிகிரியிலும் ஆயில் கல்லாகாமல் நகரும் என்பதற்கான எண். பின்னால் இருக்கிற 90 தான் ஓட்டச் சூட்டில் அதன் கனம். வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் லோடோடு ஓடுகிற பெட்டிக்குள் ஆயில் அதைப் போல இரண்டு மடங்கு சூட்டில் இருக்கும், வண்டி செய்தவன் அந்தச் சூட்டை மனதில் வைத்துத்தான் 90 என்று எழுதியிருக்கிறான். 140 ஊற்றினால் காலையில் கியர் தள்ளத் தோள்வலி வரும், சின்க்ரோ ரிங்கால் அந்தக் கெட்டி ஆயிலை அறுத்துக்கொண்டு கோனைப் பிடிக்க முடியாது, டீசலும் கொஞ்சம் கூடப் போகும். கனமாக இருந்தால் காப்பாற்றும் என்பது நம் ஊரில் ஆழமாக வேரோடிய நம்பிக்கை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

75டபிள்யூ-90 கிடைக்காமல் 80டபிள்யூ-90 ஜிஎல்-4 தான் கடையில் இருக்கிறது என்றால், நம் ஊர்த் தட்பவெப்பத்துக்கு வண்டி கெட்டுவிடாது. மார்கழிக் காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் கியர் கொஞ்சம் இறுக்கமாக விழும், அவ்வளவுதான்.

தம்பி, எங்கள் அப்பச்சி வைத்திருந்த பழைய கார் கார் ஷெட்டில் ஆறு வருஷமாக நிற்கிறது. பேரன் கல்யாணத்துக்கு அதைத்தான் மாப்பிள்ளை அழைப்புக்கு எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் பிரியப்படுகிறார்கள். ஓடாத வண்டிக்கு ஆயில் கெடுமா? மேனுவல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.
(ஆச்சி, பள்ளத்தூர்)

ஆச்சி, ஆசீர்வாதம் பண்ணுங்கள், வண்டி ஓடும். ஓடாத வண்டியில் ஆயில் தேயாது, ஆனால் ஈரம் இறங்கும். பெட்டிக்கு மேலே மூச்சு விடுவதற்கு ஒரு சின்ன ஓட்டை உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையில் அது வழியாக ஈரக் காற்று போய் உள்ளே வேர்க்கும். ஆறு வருஷ வேர்வை அடியில் தங்கியிருக்கும். இறக்கும்போது ஆயில் மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயில் சீல்களும் காய்ந்து வெடித்திருக்கலாம், ஷெட் தரையில் வண்டிக்கு அடியில் கறை இருக்கிறதா என்று பேரனைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்து வண்டிகளில் பித்தளை, வெண்கலப் புஷ்கள் இன்றைய வண்டிகளை விட அதிகம். அதனால் பெட்டிக்கு எக்காரணம் கொண்டும் ஜிஎல்-5 வேண்டாம். கனம் எவ்வளவு என்பதை ஊகித்து ஊற்ற வேண்டாம், அந்த மாடலைக் கையாண்ட பெரிய மெக்கானிக் யாராவது உங்கள் பக்கம் இருப்பார், அல்லது அதே மாடல் வைத்திருக்கிற வீட்டில் மேனுவல் இருக்கும், செட்டிநாட்டில் அது கிடைக்காமலா போகும்? கல்யாணத்துக்கு முதல் நாள் இதையெல்லாம் தொடங்காதீர்கள், ஒரு மாதம் முன்பே ஆரம்பித்து இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பிரேக்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஓடுவதை விட நிற்பது முக்கியம்.

வண்டியை ஸ்டார்ட் செய்தால் முதல் கியர் விழவே மாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் போட்டால் கறகற. கியர் ஆயில் மாற்றினேன், ஜிஎல்-4 தான், பார்த்து வாங்கினேன். ஒரு மாற்றமும் இல்லை.
(வாசகர், திருமயம்)

ஆயில் மேல் பழி போடுகிற பத்துக் கேஸில் பல கேஸ் இப்படித்தான் கிளட்ச்சில் போய் முடிகிறது. என்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். வெண்ணெயில் கத்தி போல விழுகிறதா? அப்படியானால் பெட்டிக்குள் பெரிய கோளாறு இல்லை, கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. இன்னொன்றும் செய்யுங்கள்: என்ஜின் ஓடும்போது கிளட்ச்சை அடிவரை மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணி, அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். பல வண்டிகளில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ கிடையாது, அதனால் அவசரமாகப் போட்டால் கறகற என்பது இயல்புதான். ஐந்து எண்ணியும் கறகறத்தால் உள்ளே ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கிளட்ச் இழுக்கிறது என்று அர்த்தம். கேபிள் வண்டி என்றால் கேபிள் டைட் வைத்துப் பாருங்கள், ஆயில் கிளட்ச் என்றால் மாஸ்டர் சிலிண்டரில் ஒழுகல், காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஊற்றுவது பிரேக் ஆயில், டாட்-3 அல்லது டாட்-4, மூடி மேலேயே எழுதியிருக்கும். தப்பித்தவறி அங்கே கியர் ஆயிலை விட்டுவிடாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊறி உப்பிவிடும். சிரிக்காதீர்கள், ஒருவர் அப்படிச் செய்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் நானே மாற்றலாமா?
(கல்லூரி மாணவர், தேவகோட்டை)

தாராளமாக. வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கிற மாதிரி தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். முக்கியமான ஒன்று, முதலில் பக்கவாட்டில் இருக்கிற நிரப்புகிற நட்டைக் கழற்றுங்கள், அது கழன்ற பிறகே அடி நட்டில் கை வையுங்கள். ஆயிலை எல்லாம் இறக்கிய பிறகு மேல் நட் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். பல வண்டிகளில் அடி நட்டில் காந்தம் இருக்கும், அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தால் சாதாரணம், துடைத்துவிடுங்கள். துண்டு துண்டாக இரும்பு வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் தங்கத் தூள் மாதிரி மினுமினுத்தால் அது சின்க்ரோ ரிங் தேய்ந்த பித்தளை. நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வந்து லேசாக வழிகிற வரை ஊற்றி மூடுங்கள், அதற்கு மேல் ஊற்றினால் நுரைத்து சீல் வழியாகக் கசியும். அளவு பார்க்கிற முறையை உங்கள் மாடல் மேனுவலில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதுவே சரி.

பழைய ஆயிலைப் பழைய ஆயில் எடுக்கிற ஆளிடம் கொடுங்கள். ஊருணிக் கரையில் ஊற்றினீர்கள் என்றால் ஊரே உங்களைத் திட்டும், நானும் சேர்ந்துகொள்வேன்.

"ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்கிறார்களே? (குன்றக்குடி)

யாருடைய ஆயுள் என்று சொல்ல மாட்டார்கள். பெரும்பாலான மேனுவல் கியர் பாக்ஸில் ஃபில்டர் கிடையாது, தேய்ந்த தூள் எல்லாம் அந்த ஆயிலிலேயே மிதந்துகொண்டு சுற்றும். மேனுவலில் கணக்குச் சொல்லியிருந்தால் அதன்படி, சொல்லவில்லை என்றால் நான் 60,000, மிஞ்சிப் போனால் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவேன். வெள்ளத்தில் ஓட்டியிருந்தால் கணக்கே வேண்டாம், உடனே திறந்து பாருங்கள்.

டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் போட்டிருக்கிறதே? (கோட்டையூர்)

மேனுவலில் ஜிஎல்-4 என்று இருந்தால் ஜிஎல்-4 மட்டும் எழுதியிருக்கிற டப்பாவை வாங்குங்கள். கையில் வேறு இல்லாத அவசரத்துக்கு இரண்டும் போட்டிருக்கிறதை ஊற்றலாம், விரும்பித் தேடிப்போய் வாங்க மாட்டேன்.

கிளட்ச் பெடல் இல்லாத ஏஎம்டி வண்டிக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றுகிற) ஆயிலா? (சிங்கம்புணரி)

அவசரப்படாதீர்கள். ஏஎம்டி என்பது உள்ளுக்குள் சாதாரண மேனுவல் பெட்டிதான், உங்கள் காலும் கையும் செய்கிற வேலையை மோட்டாரோ ஹைட்ராலிக்கோ செய்கிறது. பெட்டிக்கு மேனுவல் கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் இருந்தால் அதற்குத் தனி ஆயில். அதே சமயம் மேனுவல் பெட்டிக்கே ஏடிஎஃப் கேட்கிற மாடல்களும் உலகத்தில் உண்டு, மேனுவலைப் பார் என்று நான் கிளிப்பிள்ளை மாதிரி சொல்வது அதனால்தான்.

பழைய வண்டி வாங்கப் போகிறேன், கியர் சத்தம் துளியும் இல்லை, நம்பலாமா? (திருப்பத்தூர்)

துளியும் இல்லை என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். சத்தத்தை அமுக்கப் பெட்டிக்குள் மரத்தூள் போட்டு விற்கிற பழைய தந்திரம் ஒன்று உண்டு, கெட்டி ஆயிலை ஊற்றி அமுக்குவது இன்னொன்று. பணம் கொடுப்பதற்கு முன் நிரப்புகிற நட்டைக் கழற்றி, விரலை விட்டு ஆயிலைத் தொட்டு மோந்து பாருங்கள். ஆயில் நல்ல தேன் மாதிரி இருக்க வேண்டும், கந்தக வாடை லேசாக அடிக்கும். விரலில் நறுக்கு நறுக்கென்று பட்டால் வேறு வண்டி பாருங்கள்.

மிச்சம் இருக்கிற கியர் ஆயிலை முகப்புத் தூணில் கரையானுக்குப் பூசலாமா? (வாசகி, ஆத்தங்குடி)

பர்மா தேக்குத் தூணிலா? ஐயையோ! அந்தத் தேக்கைக் கரையான் அவ்வளவு சுலபத்தில் தொடாது. கியர் ஆயிலைப் பூசினீர்கள் என்றால் முகப்பு முழுக்க அழுகின முட்டை வாடை அடிக்கும், அப்புறம் விசேஷத்துக்கு வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.